கோபுர உச்சியில் ஒரு சிரிப்பு

ஐரோப்பாவில் விஜயகுமார் பார்க்காமல் விட்ட தேவாலயம் ஒன்று இருக்குமானால், அது இன்னும் கட்டி முடிக்கப்படாததாக இருக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தில் பிறந்து, சேலத்தில் எஞ்சினியரிங் படித்து, நெதர்லாந்தில் ஐந்தோவன் என்கிற ஊரில் குடியேறியவர். வேலை என்னவோ கம்ப்யூட்டரில்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனதும் அவர்மேல் ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர் வந்து இறங்கிவிடுவார். சனிக்கிழமை விடிந்தால் காரை எடு, ஏதாவது ஒரு கோபுரத்தின் அடியில் போய் அண்ணாந்து நில். வாசலில் வாடகைக்குக் கொடுக்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, அது இங்கிலீஷில் சொல்வதை அப்படியே தமிழில் மனைவி சுஜாதாவுக்குச் சொல்வார். அப்போதுதான் தாமே கண்டுபிடித்ததுபோல இருக்கும் அந்த முகபாவம்.

சுஜாதாவின் வேலை பையைச் சுமப்பதும் படம் எடுப்பதும். எல்லாப் படத்திலும் விஜயகுமார் ஒரு விரலை மேலே நீட்டியபடி நிற்பார், கொத்தனார் வேலையில் குற்றம் கண்டுபிடித்த மேஸ்திரி மாதிரி. அவர்களுடைய ஒரே மகன் பள்ளி முடித்ததும், வார இறுதியில் காரில் வந்து கூட்டிப் போக முடியாத தூரமாகப் பார்த்து ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டான். அங்கே படிப்பு நன்றாக இருக்கிறது என்பதால்தான் போனான் என்று விஜயகுமார் இன்றுவரை நம்புகிறார்.

இந்தப் படங்களைப் போடுவதற்கென்று யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தார். பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அதுதான் வினையாகிப் போயிற்று.

ஆடி மாதம் முனியப்பனுக்குப் பொங்கல். அதற்காக இந்த வருடம் இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். வந்ததும் சுஜாதா தன் பிறந்த ஊரான கொட்டச்சேட்டுக்குப் போனாள். அண்ணன் மணி காப்பி கொடுத்தான், முகம் கொடுக்கவில்லை. அப்பா சின்னையன் செத்ததிலிருந்தே அப்படித்தான். போன் செய்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான்.

"எம்மேல என்னண்ணா கோவம்?"

"கோவப்பட நாங்க யாரு? நீங்கெல்லாம் ஒசரத்துல இருக்கறவீங்க."

"என்னன்னு சொல்லு."

மணி சொன்னான். அப்பா போன அன்று, அந்த நாட்டில் ஆள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் காலையிலேயே மாப்பிள்ளைக்குப் போன் செய்தானாம். மாப்பிள்ளை நிதானமாகக் கேட்டுக்கொண்டு, 'உடனே ஃபிளைட் கிடைக்காது மச்சான், எங்களுக்காக வெச்சிருக்க வேண்டாம், காரியத்தைப் பாருங்க' என்றாராம். அன்று பொழுது சாயும் நேரம், அப்பாவை வாசலில் கிடத்தி ஒப்பாரி நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் போனைக் கொண்டுவந்து மணியிடம் நீட்டினார். அதில் சுஜாதா ஒரு கோபுரத்தின் உச்சியில் நின்று வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: 'கொலோன் பேராலய உச்சியில் ஓர் ஏற்காட்டுப் பெண்.'

"ஒப்பாரி வெச்ச பொம்பளைங்க ஒப்பாரிய நிறுத்திப்போட்டு அதைப் பாத்தாங்க," என்றான் மணி. "அப்பன் செத்தது தெரிஞ்சும் சர்ச்சு பாக்கப் போனவ. கொட்டச்சேட்டுல உனக்கு இப்ப அதான் பேரு."

சுஜாதா அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். கோபுரத்திலிருந்து இறங்கி, ராத்திரி வீடு திரும்பி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் விஜயகுமார் அவளை உட்கார வைத்து, இப்பத்தான் செய்தி வந்தது என்றார். அவள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மண் போட்டு, மேட்டின்மேல் பால் ஊற்றி முடித்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமாத் தெரியாது."

"நீ சொன்னா ஆச்சா? மாப்ள சொல்லட்டும். நாலு பேரு முன்னால சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

செம்மநத்தத்துக்குத் திரும்பியதும் விஜயகுமாரைக் கேட்டாள். அவர் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சுஜா, எதையும் அதோட பின்னணில வெச்சுப் பாக்கணும். அந்த டவருக்கு அன்னிக்கு விட்டா..."

"பின்னணியெல்லாம் வேண்டாமுங்க. பொங்கலுக்கு எங்கண்ணன் வர்றாங்க. கொட்டச்சேட்டுச் சனம் வருது. அவிங்க முன்னால, அவளுக்குத் தெரியாது, நாந்தான் மறைச்சேன்னு உங்க வாயால சொல்லோணும். அது போதும்."

"நான் அங்க டாக்குமெண்டரி எடுக்கப்போறேன். குடும்பச் சண்டைக்கு அது இடமா?"

அத்துடன் பேச்சு முடிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

முனியப்பன் கோயிலுக்குக் கூரை கிடையாது. பலாமரத்தடியில், வெயிலிலும் மூட்டத்திலும் உட்கார்ந்தபடி இருக்கும் சாமி. ஆள் உயரத்துக்கு மேல், தோளைத் தொடும் மீசை, விழுங்கிவிடுகிற கண். பொங்கலுக்காகப் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். விஜயகுமார் பட்டு வேட்டியும் அதன்மேல் மலையேறுகிறவர்கள் போடும் பல பை வைத்த கோட்டும் அணிந்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பூசாரி, எனாமல் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க? பழமையே போச்சே. அங்கெல்லாம் பழைய கல்லுல தூசி தட்டணும்னாக்கூட ஒரு கமிட்டி உக்காந்து பேசும்."

பூசாரி வெள்ளையன் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். "மழைக்கு மூஞ்சி உரியுதுங்க. உரிஞ்ச மூஞ்சியோட உக்காந்திருந்தா சாமிக்கே வெக்கமா இருக்காதுங்களா?"

"ஐரோப்பாவா இருந்தா இதைக் கண்ணாடிக் கூண்டு போட்டுப் பாதுகாத்திருப்பாங்க."

"கூண்டுக்குள்ளயா?" என்றாள் குப்பாயி. விஜயகுமாருக்கு அத்தை முறை. அவள் பேசினால் அடுத்த ஊர் பஸ் ஸ்டாப்புக்குக் கேட்கும். "ஏஞ்சாமி, முனியப்பன் சுருட்டுக் குடிக்கறவரு. உள்ளாற பொகை கட்டிக்கிச்சுன்னா இருமிச் சாவறதா?"

சனம் சிரித்தது. இந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்பதுபோல விஜயகுமார் கேமராவைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டார்.

அவர் இந்த வருடம் மெனக்கெட்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. முதல் கிடாயின் கயிற்றை மூத்த வகையறாவின் மூத்த ஆணும் அவன் மனைவியும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அது விஜயகுமாருடைய பாத்தியதை. அவர் கோபுரம் கோபுரமாகச் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் அவருடைய சித்தப்பா மகன் மாதேஸ்வரனும் அவன் மனைவி சசிரேகாவும் பிடித்தார்கள். கிடாயையும் அவர்களே வளர்த்தார்கள். இந்த முறை உரிமைக்காரரே நேரில் வந்து, கேமராவுக்கு முன்னால் கயிறு பிடித்து, உலகத்தமிழருக்குக் காட்டப்போகிறார்.

மாதேஸ்வரன் கிடாயை இழுத்து வந்து கயிற்றை நீட்டினான். "இந்தாங்கண்ணா. கெட்டியாப் புடிங்க. இது சிலையாட்டம் போஸ் குடுக்காது. முட்டும்."

"பழக்கம் எனக்கும் இருக்குடா."

"கல்லோட இருக்குதுங்க. உசுரோட இருக்கறதோட பழக்கமில்லீங்கல்ல."

சுஜாதா பக்கத்தில் வந்து நின்று கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் கொட்டச்சேட்டுச் சனம். பெண்கள் அவளைப் பார்த்தார்கள், உடனே ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். மணி கையைக் கட்டிக்கொண்டு பலாமரத்தில் சாய்ந்திருந்தான்.

பூசாரி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளிக் கிடாயின் தலையிலும் முதுகிலும் தெளித்தார். கிடாய் உடம்பு முழுக்கச் சிலிர்த்து ஓர் உதறு உதற வேண்டும். துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால், கூடியிருக்கிறவர்களில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லித் தீர்க்கிறவரைக்கும் அரிவாள் எழும்பாது, பொழுது விடிந்தாலும் சரி.

கிடாய் துளுக்கவில்லை. மூக்கில் வழிந்த தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு அசை போட்டது.

விஜயகுமார் கேமரா பக்கம் திரும்பினார். "தொன்மையான இந்தச் சடங்கில், விலங்கின் சம்மதத்தைக் கோரும் நம் முன்னோரின் அறம் வெளிப்படுவதைக் காண்கிறோம்..." கிடாய் புழுக்கை போட்டது. அறம் அந்த அளவில் வெளிப்பட்டது.

"யாருக்கு என்ன குறை? சொல்லிருங்க சாமி," என்றார் வெள்ளையன்.

குப்பாயி காணாமல் போன தன் கோழியைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தர் தன் மிளகுக்கொடியைப் பக்கத்துத் தோட்டக்காரர் அறுத்ததைப் பற்றிச் சொன்னார். அறுத்தவர் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடியும் தண்ணீர். கிடாய் அசையவில்லை. மாதேஸ்வரன் முன்னால் வந்தான்.

"எனக்குக் குறை இருக்குதுங்க. குட்டியில இருந்து வளத்தது நாங்க. தழை ஒடிச்சுப் போட்டது இவ, எம் பொண்டாட்டி. இன்னைக்குப் படம் புடிக்க ஒருத்தர் வந்து மூத்த வகையறாங்கறாரு. மூத்தவரு இத்தன வருசம் எந்தச் சாமியப் பாத்துட்டு இருந்தாராம்?"

"பாத்தியதை என்பது வசிப்பிடத்தைப் பொறுத்ததில்லை மாதேசு," என்று விஜயகுமார் ஆரம்பித்தார். "பிறப்பைப் பொறுத்தது. ரோம்ல பார்த்தேன்னா..."

"ரோமுல கிடா வெட்டறாங்களாண்ணா?"

"சொல்லிட்டயில்ல, தீந்துதா?" என்று பூசாரி குறுக்கே புகுந்தார்.

"சொன்னதுல பாதி தீந்துச்சுங்க. மீதியப் பொறுத்துக்கறேன்."

தண்ணீர் தெளித்தார்கள். கிடாய் சும்மா நின்றது. மூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. ஆடிக்காற்று பலா இலைகளைப் புரட்டியது. சனத்துக்குக் குளிர் எடுத்தது. விஜயகுமாருக்குப் பேட்டரி கவலை.

"தண்ணி வெதுவெதுப்பா இருக்கு பூசாரி, அதான். ஐஸ் வாட்டர் ஊத்தினா தானா நடுங்கும். இது சிம்பிள் சயன்ஸ்."

"பேசாம ஃபிரிட்ஜுக்குள்ள கட்டிவெச்சரலாமுங்களாண்ணா?" என்றான் மாதேஸ்வரன்.

வெள்ளையன் வேப்பிலையைக் கீழே வைத்தார். "குறை வெளிய இல்ல. கயிறு புடிச்ச எடத்துலயே நிக்குது. யாரா இருந்தாலுஞ் சொல்லிருங்க."

எல்லார் கண்ணும் கயிற்றுக்கு வந்தது.

"எனக்குத்தானுங்க," என்றாள் சுஜாதா.

விஜயகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "சுஜா, கேமரா ஓடிட்டு இருக்கு."

"ஓடட்டுங்க. இத்தன நாளா என்னைய ஊமையாத்தான படம் எடுத்தீங்க. இன்னைக்குச் சத்தத்தோட எடுங்க."

அவள் கொட்டச்சேட்டுப் பக்கம் திரும்பினாள். குரல் முதலில் பிசிறியது. அப்புறம் நேராக வந்தது. "எங்கப்பன் செத்த அன்னைக்கு நான் கோபுரத்து மேல நின்னு சிரிச்சேன். எல்லாரும் பாத்திருக்கீங்க. செத்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு எம் பக்கத்துல நின்னு படம் எடுத்தாரு. அந்தாளு இவருதான். இது நெசமா பொய்யான்னு அவரையே கேளுங்க."

குப்பாயிகூட வாயை மூடிக்கொண்டாள். மணி மரத்திலிருந்து முதுகை எடுத்தான்.

"சொல்லுங்க மாப்ள."

விஜயகுமார் தொண்டையைச் செருமினார். காதில் கருவி மாட்டியிருந்தால் அது ஏதாவது சொல்லியிருக்கும். "மச்சான், இதை உணர்ச்சிவசப்படாமப் பாக்கணும். அந்த இடத்துக்கு நாங்க ரொம்ப நாளா பிளான் பண்ணியிருந்தோம். போனவர் போயிட்டார். ஒரு துயரச் செய்தியை எந்தத் தருணத்துல ஒருத்தர்கிட்டச் சேர்க்கிறதுங்கறதே ஒரு... அவளும் வாழ்க்கையில ஒருதடவையாவது அந்த உச்சியைப் பாக்கட்டும்ங்கற நல்லெண்ணத்துல..."

"மறைச்சீங்களா இல்லீங்களா?"

"மறைச்சேன்னு சொல்றது சரியான வார்த்தையா இருக்காது. தள்ளிப்போட்டேன்னு வேணா..."

அந்த நேரம் பார்த்துக் கிடாய் துளுக்கியது. கொம்பிலிருந்து வால்வரை ஓர் உதறல். மஞ்சள் தண்ணீர் விஜயகுமாரின் பட்டு வேட்டியில் சிதறியது. சனம் ஓவென்று கத்தியது. பறை முழங்கியது. குலவை எழுந்தது. குளிரில் நின்றிருந்தவர்களுக்கு வாக்குமூலம் முழுதாக வந்ததா அரையாக வந்ததா என்று பார்க்கப் பொறுமை இல்லை.

"பாத்தியா!" என்றார் விஜயகுமார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. "சாமியே முடிச்சு வெச்சாச்சு. வா, கயித்த இறுக்கிப் பிடி. இந்த ஷாட் முக்கியம்."

சுஜாதா நகரவில்லை. கயிற்றையும் விடவில்லை.

"கிடா துளுக்கிருச்சுங்க. நான் துளுக்கல."

பறை ஒவ்வொன்றாக நின்றது.

"எனக்குந் தண்ணி ஊத்துங்க," என்றாள் பூசாரியிடம். "குறை தீந்துதான்னு கிடாய்க்கு மட்டுந்தான் பாப்பீங்களா? எனக்கும் பாருங்க."

"அப்படியெல்லாம் வழக்கமில்லையே கண்ணு..." என்று வெள்ளையன் இழுத்தார்.

குப்பாயி குடத்தைத் தூக்கினாள். "வழக்கமில்லீன்னா இன்னைக்கு ஆவட்டும்." ஒரே கவிழ்ப்பு. அந்தக் குளிரில், மூட்டத்தில், தலையிலிருந்து கால்வரை. பக்கத்தில் நின்றவர்களுக்கே உடம்பு கூசியது.

சுஜாதா நின்றாள். ஊதக்காற்று ஈரச்சேலையை உடம்போடு ஒட்ட வைத்தது. மஞ்சள் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கி முதுகெலும்பு வழியாக ஓடியது. தாடை அடித்துக்கொள்ளப் பார்த்தது. பல்லோடு பல்லை இறுக்கினாள். கால் கட்டைவிரலால் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்தது. உடம்பு மட்டும் அசையவில்லை. விஜயகுமாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துளுக்கலையே," என்றான் மாதேஸ்வரன். இந்த முறை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

"சொல்லித் தொலைங்க மாப்ள," என்றது கொட்டச்சேட்டுக் கூட்டத்தில் ஒரு குரல். "பொண்ணு வெறச்சுச் சாவப்போறா."

விஜயகுமார் கேமராவைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பூசாரியைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். கோதிக் பாணி, ரோமானியப் பாணி என்று வளைவு வளைவாகப் பேசிப் பழகிய வாய். அதிலிருந்து முதல்முறையாக எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு பேச்சு வந்தது.

"அவளுக்குத் தெரியாது. நாந்தான் சொல்லல."

"சத்தமா மாப்ள," என்றான் மணி. "கடைசில நிக்கறவீங்களுக்குக் கேக்கல."

"அவளுக்குத் தெரியாது! நாந்தான் சொல்லல! போதுமா?"

கொட்டச்சேட்டுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காது கடித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். மணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சுஜாதா கயிற்றைச் சசிரேகாவிடம் நீட்டினாள். "சசி, புடி."

"அதான் சொல்லிட்டனே!" விஜயகுமாரின் குரல் கிறீச்சிட்டது. "ஊருக்கு முன்னால அசிங்கப்பட்டாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். எம் பேரு எனக்கு வந்துருச்சு. உங்களோட சேந்து நின்னு கயிறு புடிக்க அது பத்தாதுங்க."

பொண்டாட்டி இல்லாமல் கயிறு பிடிக்க வழியில்லை. வெள்ளையன் மாதேஸ்வரனைப் பார்த்தார். மாதேஸ்வரன் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, அண்ணன் கையிலிருந்த கயிற்றை மரியாதையாகவே வாங்கினான்.

"கொஞ்சம் அக்கட்டால போங்கண்ணா. கேமராவ மறைக்கறீங்க."

சுஜாதா பின்னால் திரும்பிப் பார்க்காமல் பாதைக்கு ஏறினாள். மணியின் ஜீப் டீக்கடைக்கு எதிரே நின்றது. ஏறி உட்கார்ந்ததும்தான் குளிர் உடம்பைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்தும் நிற்கவில்லை. மணி வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்தான். அவனுக்கு இன்னும் கோபம் இருந்தது. யார்மேல் வைப்பது என்பதுதான் குழம்பிப் போயிருந்தது.

"அது இருக்கட்டும்," என்றான், முன்னால் பார்த்துக்கொண்டே. "அவ்வளவு ஒசரத்துல நின்னு என்னத்தப் பாத்து அப்பிடிச் சிரிச்ச?"

"ஒண்ணுந் தெரியலண்ணா." பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "அத்தன படி ஏறிப் போனா ஊருமில்ல, ஆறுமில்ல. ஒரே மூட்டம். இவரு அதையும் காமிச்சு ஏதோ வெளக்கிட்டு இருந்தாரு. இந்தக் கண்றாவியப் பாக்கறதுக்கு நம்மூட்டு வாசல்லயே உக்காந்திருக்கலாமேன்னு தோணுச்சு. சிரிப்பு வந்துருச்சு."

மணி ஜீப்பைக் கிளப்பினான். தோள் துண்டை எடுத்து அவள் மடியில் எறிந்தான்.

"தலையத் தொவட்டு. சளி புடிச்சா அதுக்கும் நாந்தான் அலையோணும்."